வண்டியைக் கற்பிக்கும் முன் பனியைக் கற்பிப்போம்

1934ஆம் ஆண்டுக் குளிர்காலம். கியூபெக் மாகாணத்தின் வால்கூர் என்னும் சிற்றூரில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு, அது வயிற்றறைக்குள் பரவியது. சத்திரசிகிச்சை செய்தாலன்றிப் பிழைக்க வழியில்லை. மருத்துவமனையோ தொலைவில் இருந்தது. வீதிகளையெல்லாம் பனி மூடியிருந்தது. குழந்தையின் தந்தை ஓர் இயந்திரத் தொழிலாளி. பனியின்மேல் ஓடும் வண்டி ஒன்றை உருவாக்கிவிடத் தமது பதினைந்தாவது வயதிலிருந்தே முயன்று வந்தவர். ஆயினும் அன்று, குழந்தையை ஏற்றிச் செல்லக்கூடிய நிலையில் அவரிடம் வண்டி எதுவும் இருக்கவில்லை. குழந்தை இறந்தது.

அந்தத் தந்தையின் பெயர் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே. துயரத்தில் அவர் தமது முயற்சியைக் கைவிடவில்லை. 1937இல் இறப்பர் பட்டியில் ஓடும் தமது வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஏழு பேர் அமரக்கூடிய அவ்வண்டியும் அதன் பின்வந்த பெரிய வண்டிகளும் பனிக்காலத்தில் மருத்துவர்களையும் தபாலையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஏற்றிச் சென்றன. 1959இல் ஓரிருவர் மட்டும் அமர்ந்து செல்லும் சிறிய வண்டியான 'ஸ்கீ-டூ' விற்பனைக்கு வந்தது. இன்று நாம் ஸ்னோமொபைல் என்று அழைக்கும் வண்டிகள் அந்த வழியில் வந்தவை.

இந்த வரலாற்றை நாங்கள் இங்கே நினைவுகூரக் காரணம் உண்டு. மருத்துவமனைக்கு நோயாளிகளைக் கொண்டுசேர்க்க உதவிய அதே வண்டி, இன்று குளிர்காலந்தோறும் காயமுற்ற பிள்ளைகளை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் காரணங்களுள் ஒன்றாகவும் இருக்கிறது. அக்காயங்களுள் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. இந்த இதழை வாசிக்கும் பெற்றோரிடமும் பேரன் பேத்திகளைப் பராமரிக்கும் மூத்தோரிடமும் அதைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

சட்டம் சொல்வதும் மருத்துவர் சொல்வதும்

பெப்ரவரியில் குடும்ப தினமும் மார்ச்சில் பாடசாலை விடுமுறையும் வரும்போது, ரொறன்ரோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எமது குடும்பங்கள் பல வடக்கே செல்கின்றன. மஸ்கோகாவிலோ ஹாலிபர்ட்டனிலோ நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு கொட்டேஜை வாடகைக்கு எடுக்கின்றன. சிம்கோ ஏரியின்மேல் அமர்ந்து மீன்பிடிப்போரும் உளர். அவ்வாறு செல்லும் இடத்தில் உறவினரோ நண்பரோ ஒரு ஸ்னோமொபைலைக் கொண்டுவந்து நிறுத்தினால், பிள்ளைகளின் கண்கள் வேறெங்கும் போகா. அதன்பின் பெற்றோர் எம்மிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: "பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டது. சட்டம் விடுகிறதுதானே, ஓடக் கொடுக்கலாமா?"

ஒன்ராறியோச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை வண்டி உரிமையாளரின் சொந்தக் காணிக்குள் மட்டுமே ஓட்டலாம். பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளை, அதற்குரிய பயிற்சி வகுப்பில் தேறி ஸ்னோமொபைல் அனுமதிப்பத்திரம் பெற்றிருந்தால், பொதுத் தடங்களில் ஓட்டலாம். வாகனங்கள் செல்லும் வீதியின் ஓரமாக ஓட்டுவதற்கும் வீதியைக் குறுக்கே கடப்பதற்கும் பதினாறு வயது ஆகவேண்டும். ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் ஹெல்மெட் அணிவது கட்டாயம். தடங்களில் உச்ச வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர்.

மருத்துவர்கள் சொல்வது இதனினும் கண்டிப்பானது. பதினாறு வயதுக்குக் குறைந்த எவரும் ஸ்னோமொபைல் ஓட்டக்கூடாது என்றும், ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பயணியாகக்கூட ஏற்றக்கூடாது என்றும் கனடிய குழந்தைநல மருத்துவர் சங்கம் பரிந்துரைத்துள்ளது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்களின் அமைப்பும் இதே கருத்தைக் கொண்டுள்ளது.

பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடையே உள்ள இந்த நான்கு ஆண்டுகளில்தான் பெற்றோர் தடுமாறுகின்றனர். சட்டம் வரைவது மிகக் குறைந்த எல்லையை. அதற்குக் கீழே போனால் குற்றம் என்பதே அதன் பொருள். அதற்கு மேலே உள்ளதெல்லாம் பாதுகாப்பானது என்பது அதன் பொருளன்று. எமது நிலைப்பாடு குழந்தைநல மருத்துவர்களின் பக்கமே. பதினாறு வரை காத்திருங்கள் என்பதே நாங்கள் தரும் முதல் அறிவுரை.

ஆனால் 'காத்திருங்கள்' என்று சொல்லிவிட்டு நாங்கள் ஒதுங்கிவிட இயலாது. சட்டத்துக்கு உட்பட்டு முன்னரே பழக்கத் தீர்மானிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மேலும், காத்திருக்கும் ஆண்டுகள் வெறும் ஆண்டுகளாகக் கழியவேண்டியதில்லை. ஓட்டுவதைத் தவிர மற்ற அனைத்தையும் அக்காலத்தில் கற்பிக்கலாம். நூனவுட் போன்ற வடபகுதிகளில் ஸ்னோமொபைல் அன்றாட வாழ்வின் வாகனம். அங்கே வளரும் பிள்ளை உறைந்த நீரின் இயல்பைச் சிறுவயது முதல் பெரியோருடன் கூடவே சென்று அறிந்துகொள்கிறது. எம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெற்றோராகிய எமக்கும் இல்லை. எங்களுள் பலர் பனியே விழாத நாட்டில் பிறந்தவர்கள். ஆகவே இந்தப் பாடத்தைப் பிள்ளைக்கு முன்பாக நாம் படிக்கவேண்டியிருக்கிறது.

நிற்க விரும்பிய பிள்ளை

எமது பணியாளர் ஒருவரின் குடும்பத்தில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்ததை, அவரது சம்மதத்துடன் இங்கே சொல்கிறோம். ஒன்பது வயது மகன். சித்தப்பா அவனைத் தமக்கு முன்னால் இருத்தி, ஒரு வெளியில் மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தார். "சித்தப்பா, நான் பிடிக்கட்டோ?" என்று கேட்டான். "சரி, பயப்பிடாமல் பிடி" என்று கைப்பிடியைக் கொடுத்தார். வண்டி ஒரு மேட்டில் ஏறிக் குலுங்கியது. பையன் பயந்து இரு கைகளையும் இறுக்கினான். வண்டி நிற்கவில்லை, பாய்ந்தது. ஓரத்தில் இறுகிக் கிடந்த பனித்திட்டில் மோதியது. பிள்ளையின் மணிக்கட்டு முறிந்தது. சித்தப்பாவின் முழங்கால் இன்றுவரை முழுதாகக் குணமாகவில்லை.

அந்தப் பிள்ளை வேகமாகப் போக விரும்பவில்லை. நிற்கவே விரும்பினான். சைக்கிளில் இரு கைப்பிடிகளையும் இறுக்கினால் வண்டி நிற்கும். அப்பழக்கத்தை அவனது கைகள் அறிந்திருந்தன. ஸ்னோமொபைலில் பிரேக் இடது கையில் மட்டுமே உள்ளது. வலது கையின் பெருவிரலுக்குக் கீழே இருப்பது அக்சிலேற்றர். பயத்தில் கையை மூடும் பிள்ளை, தன்னை அறியாமலே வேகத்தைக் கூட்டிவிடுகிறது. வீரமில்லாத பிள்ளை, கவனமில்லாத பிள்ளை என்று இதைக் கருதக்கூடாது. இது உடலின் இயல்பு.

எடையையும் எண்ணிப் பாருங்கள். பெரியோருக்கான வண்டி 200 கிலோகிராமுக்கு மேல் எடையுள்ளது. மணிக்கு 100 கிலோமீற்றரைக் கடந்து செல்லக்கூடியது. சாய்ந்தால் பிள்ளையால் அதைத் தாங்க இயலாது. கவிழ்ந்தால் அதன் அடியிலிருந்து வெளிவரவும் இயலாது. உடலை வளைவின் பக்கம் சாய்த்தே வண்டியைத் திருப்பவேண்டும். எடை குறைந்த பிள்ளை சாய்வதால் வண்டிக்கு அது தெரிவதேயில்லை. இவற்றோடு, தூரத்தையும் வேகத்தையும் ஒருங்கே கணித்து முடிவெடுக்கும் ஆற்றல் பதின்ம வயதில் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. பாடசாலையில் கெட்டிக்காரப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

'பனி' என்னும் ஒரு சொல்

ஊரில் எமக்குப் பனி என்றால் மார்கழி விடியலில் புல்லின் மேல் நிற்கும் துளி. தலையில் பட்டால் தடிமன் பிடிக்கும் என்று அம்மம்மா துணியால் மூடிவிடும் பனி. இங்கே அந்த ஒரே சொல்லால் வானிலிருந்து விழும் வெண்பனியையும், உறைந்த ஏரியையும், பாதி உருகிய சேற்றுப்பனியையும் குறிப்பிட்டுவிடுகிறோம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு சொற்களைப் பாடசாலையில் கற்கின்றனர். ஆனால் எச்சரிக்கை வருவது வீட்டிலிருந்து, வீட்டின் மொழியில். "பனியில் கவனம்" என்று மட்டும் சொன்னால் பிள்ளைக்கு எது ஆபத்து என்பது விளங்காது. வெண்பனியில் விழுந்தால் எழலாம். உறைந்த நீரில் விழுந்தால் எழுவது அரிது. இந்த வேறுபாட்டைச் சொல்வதே முதற்பாடம்.

'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பது எமது பழமொழி. இங்கே அதனோடு தடிப்பையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். ஒருவர் தனியாக நடப்பதற்கு 15 சென்ரிமீற்றரும், பலர் கூடி விளையாடுவதற்கு 20 சென்ரிமீற்றரும், ஸ்னோமொபைலுக்கு 25 சென்ரிமீற்றரும் பனிக்கட்டி தடித்திருக்கவேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவுறுத்துகிறது. நிறத்தையும் பார்க்கக் கற்பியுங்கள். தெளிந்த நீல நிறப் பனிக்கட்டியே உறுதியானது. வெள்ளையாகவும் ஒளிபுகாமலும் இருப்பது அதன் பாதியளவு உறுதியே கொண்டது. சாம்பல் நிறம் தெரிந்தால் அங்கே நீர் கலந்திருக்கிறது, காலே வைக்கக்கூடாது.

ஓர் ஏரி முழுவதும் ஒரே தடிப்பில் உறைவதில்லை. ஆறு வந்து சேரும் வாய், பாலத்தின் அடி, இரு கரைகள் நெருங்கும் ஒடுக்கம், படகுத்துறையின் அருகு ஆகிய இடங்களில் நீர் அசைந்துகொண்டிருப்பதால் பனிக்கட்டி மெலிந்தே இருக்கும். மேலே விழுந்த வெண்பனி ஒரு போர்வைபோல நின்று, கீழே உள்ள நீர் உறைவதைத் தாமதப்படுத்தும். நேற்று ஒருவர் ஓடிய தடம் இன்றைக்குச் சான்றாகாது. அவ்வூரில் வாழ்வோரிடமும் அங்குள்ள ஸ்னோமொபைல் கழகத்திடமும் அன்றன்று கேட்டறியுங்கள். பழகும் பிள்ளையைப் பொறுத்தவரை எமது அறிவுரை இன்னும் எளிது: ஏரியின்மேல் வேண்டாம். நிலத்தில் மட்டும்.

ஆனாலும் நீரில் விழுந்தால் என்ன செய்வதென்பதைப் பிள்ளை அறிந்திருக்கவேண்டும். மனித்தோபாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் குளிர்நீரில் மனித உடல் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை நீண்டகாலம் ஆராய்ந்தவர். அவர் பரப்பிய எளிய கணக்கு இது: ஒன்று, பத்து, ஒன்று. முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். அதை அடக்கி அமைதிப்படுத்துவதே அப்போதைய ஒரே வேலை. அடுத்த பத்து நிமிடங்களுக்குக் கைகால்கள் சொன்னபடி கேட்கும்; வெளியேற முயலவேண்டிய நேரம் அதுவே. குளிரால் நினைவிழக்க ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஆகும். விழுந்தவுடனே முடிந்துவிட்டது என்று எண்ணிக் கைவிடவேண்டியதில்லை என்பதே இக்கணக்கு தரும் நம்பிக்கை.

வந்த திசைக்கே திரும்பவேண்டும். அங்கிருந்த பனிக்கட்டிதான் சற்று முன்வரை தாங்கியது. இரு கைகளையும் அதன்மேல் நீட்டி, நீந்துவதுபோலக் கால்களை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து வெளியேறவேண்டும். எழுந்து நிற்காமல் உருண்டு விலகவேண்டும். இதைக் கோடையில் நீச்சல் தடாகத்தின் ஓரத்தில், ஒரு பெரியவர் அருகிருக்க, விளையாட்டாகவே பழக்கலாம்.

குளிர் காத்திருக்காது

காற்றே இல்லாத நாளிலும் ஓடும் வண்டி தனக்கெனக் காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 15 பாகை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவரின் மூடாத தோலுக்கு அது ஏறக்குறைய உறைநிலைக்குக் கீழ் 29 பாகையாகத் தாக்கும். அந்த அளவில் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் பனிக்கடி ஏற்படலாம். பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளை அசைவின்றி இருப்பதால் பெரியவரைவிட விரைவில் குளிர்ந்துபோகிறது. எடையோடு ஒப்பிடும்போது பிள்ளைகளின் தோற்பரப்பு அதிகம். அவர்கள் வெப்பத்தை வேகமாக இழப்பதற்கு அதுவே காரணம்.

உடையைப் பொறுத்தவரை மூன்று அடுக்குகள் வேண்டும். உடலை ஒட்டியது கம்பளி அல்லது செயற்கை இழையாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும். அதன்மேல் வெப்பம் தரும் தடித்த உடை. அதற்கும் மேல் காற்றும் நீரும் புகாத மேலுடை. கழுத்தில் சால்வை சுற்றிவிடுவது எமது மூத்தோரின் அன்பான வழக்கம். இங்கே அது கூடாது. தொங்கும் துணி ஓடும் பட்டியில் சிக்கினால் கழுத்தை இறுக்கிவிடும். தலையையும் கழுத்தையும் ஒருங்கே மூடும் இறுக்கமான உறையை அணிவியுங்கள். ஐஸ் ஹொக்கிக்கோ சைக்கிளுக்கோ வாங்கிய ஹெல்மெட் இதற்கு உதவாது. மோட்டார் சைக்கிளுக்கோ ஸ்னோமொபைலுக்கோ உரிய தரத்தில், பிள்ளையின் தலையளவுக்குச் சரியாகப் பொருந்தும் ஹெல்மெட் வேண்டும். 'வளர்ந்தாலும் போடலாம்' என்று ஓரளவு பெரிதாக வாங்குவது சப்பாத்துக்குச் சரி, ஹெல்மெட்டுக்குச் சரியன்று.

நிற்கும் வண்டியில் தொடங்கும் பாடம்

வண்டியின் இயந்திரம் ஓடாத நிலையிலேயே முதல் வகுப்பை நடத்துங்கள். அதுவும் வெட்டவெளியில் நடக்கட்டும். மூடிய கராஜுக்குள் இயந்திரத்தை ஒரு நிமிடமும் ஓடவிடக்கூடாது. நிறமும் மணமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு உயிரைப் பறிக்கும்.

பயணியாகச் செல்லும் பிள்ளையைச் சோதியுங்கள். ஆறு வயது நிறைந்திருக்கிறதா? இருக்கையில் அமர்ந்தால் இரு பாதங்களும் பாதத்தட்டில் முழுமையாகப் பதிகின்றனவா? கைப்பிடியைத் தானே இறுகப் பிடித்திருக்கும் வலு உள்ளதா? இவற்றுள் ஒன்றுக்கேனும் 'இல்லை' என்பது விடையானால் அந்தப் பிள்ளை ஏறக்கூடாது. ஓட்டுபவருக்கு முன்னால் பிள்ளையை இருத்தக்கூடாது. ஒருவருக்கான இருக்கையில் இருவரை ஏற்றக்கூடாது. வண்டியின் பின்னால் கயிறு கட்டி, சறுக்குப் பலகையிலோ காற்றடைத்த வளையத்திலோ பிள்ளைகளை இழுத்துச் செல்வதும் கூடாது. வண்டி நின்றாலும் இழுபடுவது நிற்காது. வளைவில் அது எங்கே போய் மோதும் என்பது எவர் கையிலும் இல்லை.

ஓட்டப் பழகும் பிள்ளை முதலில் கற்கவேண்டியது நிறுத்துவதை. ஓட்டுபவரின் உடையோடு இணைக்கும் பாதுகாப்புக் கயிறு பல வண்டிகளில் உண்டு. அவர் விழுந்தால் கயிறு கழன்று இயந்திரம் நின்றுவிடும். அதை இணைக்காமல் சாவியைத் தொடக்கூடாது என்பது மாறாத விதியாக இருக்கட்டும். அவசரமாக இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பின்னர், 'நில்' என்று நீங்கள் சொன்னதும் வலது பெருவிரலை எடுத்துவிட்டு இடது கையை மட்டும் அழுத்தும் பழக்கத்தை, ஓடாத வண்டியிலேயே பலமுறை செய்விக்கவேண்டும். சைக்கிள் பழக்கம் கையிலிருந்து போகும்வரை இது தொடரட்டும்.

அதன் பிறகே ஓட்டம். பிள்ளைகளுக்கெனச் செய்யப்பட்ட 120 சிசி அளவிலான சிறிய வண்டிகள் வேகம் மட்டுப்படுத்தப்பட்டவை. பழகுவதற்குப் பெரியோரின் வண்டியைவிட ஏற்றவை. ஆயினும் அவையும் விளையாட்டுப் பொருள்கள் அல்ல. மரங்களும் வேலிகளும் இல்லாத சமவெளியைத் தேர்ந்தெடுத்து, முதலில் நீங்கள் அதைக் கால்நடையாக நடந்து பாருங்கள். வெண்பனியின் அடியில் கம்பிவேலியும் மரக்குற்றியும் மறைந்திருக்கும். பகல் வெளிச்சத்தில் மட்டும் பழக்குங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கையுறையைக் கழற்றி விரல்களைப் பாருங்கள். பெருவிரல் களைத்துப்போனால் அன்றைய பாடம் முடிந்தது.

பன்னிரண்டு வயதில் அனுமதிப்பத்திரம் பெற விரும்பும் பிள்ளை, ஒன்ராறியோ ஸ்னோமொபைல் கழகங்களின் கூட்டமைப்பு நடத்தும் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறவேண்டும். அந்தப் பயிற்சியில் பெற்றோராகிய நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள். தடத்தில் வலப்பக்கமாகவே செல்வது, கைச் சைகைகள், நிறுத்தக் குறிகள் ஆகியவற்றைப் பிள்ளை அறிந்து பெற்றோர் அறியாதிருந்தால், பிழையைத் திருத்துவார் எவரும் இல்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மது அருந்திய பெரியவர் ஓட்டும் வண்டியில் பிள்ளையை ஏற்றவே கூடாது. மது அருந்திக் கார் ஓட்டுவதற்குரிய குற்றவியல் சட்டமே ஸ்னோமொபைலுக்கும் பொருந்தும். கொட்டேஜில் உறவினர் கூடியிருக்கும் இரவில், வயதில் மூத்த ஒருவரை 'வேண்டாம் அண்ணா' என்று தடுப்பது எமது பண்பாட்டில் எளிதன்று என்பதை அறிவோம். சாவியை மாலையிலேயே ஒருவர் வாங்கி வைத்துக்கொள்வது என்று வரும்போதே பேசிவைத்துக்கொண்டால், அந்தச் சங்கடம் நேராது.

சிகிச்சை பெற்றுவரும் பிள்ளைகள்

எமது வாசகர்களுள் பலர் நீண்டகாலச் சிகிச்சையில் உள்ள பிள்ளைகளைப் பராமரிப்பவர்கள். அவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். வலிப்பு நோயுள்ள பிள்ளையும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்ளும் பிள்ளையும், மூளை அதிர்ச்சியிலிருந்து மீண்டுவரும் பிள்ளையும் மருத்துவரின் அனுமதியின்றி வண்டியில் ஏறக்கூடாது, பயணியாகவும் கூடாது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குளிர்ந்த வறண்ட காற்று மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். இன்ஹேலரை வெளிப்பையில் வைக்காமல் உடலை ஒட்டிய உட்பையில் வையுங்கள். நீரிழிவுள்ள பிள்ளையின் இன்சுலினும் அவ்வாறே; உறைந்துபோன இன்சுலின் மீண்டும் உருகினாலும் பயன்படாது.

இப்பிள்ளைகளை எல்லாவற்றிலிருந்தும் விலக்கிவையுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அடுத்த முறை கிளினிக்குக்கு வரும்போது, "விடுமுறையில் இப்படி ஓர் எண்ணம் இருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எது இயலும், எது இயலாது என்பதைச் சேர்ந்து பார்க்கலாம்.

விபத்து நேர்ந்தால்

911ஐ அழையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ்' என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். காட்டுத்தடத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது. ஆகவே தடத்தின் இலக்கத்தையும் கடைசியாகக் கண்ட சந்திப்புப் பலகையையும் நினைவில் வைக்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பல இடங்களில் கைபேசி இயங்காது. எங்கே செல்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை வீட்டிலிருப்பவரிடம் சொல்லிவிட்டே புறப்படுங்கள்.

கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கும் என்ற ஐயம் இருந்தால் பிள்ளையை அசைக்கவேண்டாம். மூச்சுக்குத் தடையில்லாதவரை ஹெல்மெட்டையும் கழற்றவேண்டாம். அடியிலும் மேலும் போர்த்தி வெப்பமாக வைத்திருங்கள்.

பனிக்கடி பட்ட இடம் வெளிறி, உணர்வற்று இருக்கும். அதைத் தேய்க்கக்கூடாது, பனியாலும் கூடாது, தைலத்தாலும் கூடாது. வீட்டுக்குள் வந்தபின் 37 முதல் 39 பாகை செல்சியஸ் வரையிலான இளஞ்சூட்டு நீரில் அமிழ்த்துங்கள். மீண்டும் குளிருக்குள் போகவேண்டியிருந்தால் சூடாக்குவதைத் தள்ளிவைத்து மருத்துவ உதவியை நாடுங்கள்.

நீரில் விழுந்து மீட்கப்பட்ட பிள்ளையை மெதுவாகக் கிடத்தி, ஈர உடையை நீக்கி, உலர்ந்த போர்வையால் சுற்றுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை வெப்பமடையாமலே நடுக்கத்தை நிறுத்தினால், அது நலமன்று, நிலைமை மோசமடைகிறது. நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள்.

கைப்பிடி வயிற்றில் இடித்த பிள்ளையைக் குறிப்பாகக் கவனியுங்கள். வெளியே சிறு சிராய்ப்பு மட்டும் தெரிய, உள்ளே மண்ணீரலிலோ ஈரலிலோ குருதி கசிந்துகொண்டிருக்கலாம். வயிற்றுவலி, வாந்தி, வெளிறல், தோள்வலி ஆகியன மணித்தியாலங்கள் கழிந்தும் தோன்றும். தலையில் அடிபட்டபின் தொடர்ந்த தலைவலியோ வாந்தியோ வழமைக்கு மாறான உறக்கமோ கண்டாலும் தாமதிக்காதீர்கள்.

இவ்விடத்தில் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எம் பிள்ளைகளுள் சிலர் விழுந்ததை மறைக்கின்றனர். வீட்டில் பேச்சு விழும் என்ற பயம். 'இனி விடமாட்டார்கள்' என்ற பயம். வலியோடு ஓர் இரவைக் கழித்து மறுநாள் வரும் பிள்ளையைக் காண்பது எமக்கு மிகவும் வருத்தம் தருவது. "விழுந்தால் உடனே சொல்லு, பேசமாட்டோம்" என்று புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள். சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

பொம்பார்டியேயின் குழந்தைக்கு ஒரு வண்டி தேவைப்பட்ட நேரத்தில் அது இருக்கவில்லை. எம் பிள்ளைகளுக்கு வண்டி இருக்கிறது. அவர்களுக்குத் தேவைப்படுவது அதற்குரிய அறிவும், அது வரும்வரை காத்திருக்கும் பொறுமையும், அவர்களோடு சேர்ந்து காத்திருக்கும் பெரியோரும். அடுத்த முறை உறைந்த ஏரி ஒன்றின் கரையில் பிள்ளையுடன் நிற்கும்போது, சாவியைப் பற்றிப் பேசும் முன் பனிக்கட்டியைக் காட்டிக் கேளுங்கள்: இது என்ன நிறம்? எவ்வளவு தடிப்பு? கீழே நீர் ஓடுகிறதா? பிள்ளைக்கு விடை தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். உங்களுக்கும் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரைக் கேட்கும்வரை இருவரும் கரையிலேயே நில்லுங்கள்.